மறுநாள் காலையில் முட்டி என்ன சொல்கிறது? பிசியோதெரபி பயிற்சி தொடங்குவோருக்கு ஒரு வழிகாட்டி

வேலூருக்கு வைத்தியத்துக்கு வருகிறவர்கள் கையில் ஒரு பெரிய கவர் இருக்கும். எக்ஸ்ரே, ஸ்கேன், ரத்தப் பரிசோதனை எல்லாம் அதில் பத்திரமாக இருக்கும். அதே கவருக்குள் கசங்கிக் கிடக்கும் இன்னொரு தாளைப் பற்றியது இந்தக் கட்டுரை. கோட்டு உருவங்களாகப் படம் போட்டு, பக்கத்தில் "10 தடவை, காலை மாலை" என்று பேனாவால் எழுதிக் கொடுத்த பயிற்சித் தாள்.

குடியாத்தத்துக்கோ பேரணாம்பட்டுக்கோ ஆற்காட்டுக்கோ திரும்பிப் போன பிறகு அந்தத் தாளுக்கு இரண்டில் ஒன்று நடக்கிறது. மூன்றாம் நாளே அது மறந்துபோகிறது. இல்லையென்றால், சீக்கிரம் சரியாக வேண்டும் என்ற ஆசையில் பத்து தடவை சொன்னதை ஐம்பது தடவை செய்து, முட்டி வீங்கி, "எக்சர்சைஸ் எனக்கு ஒத்துக்கல" என்று முடிந்துவிடுகிறது. பிசியோதெரபிஸ்டாக எனக்கு இரண்டாவது வகையினரைப் பார்க்கும்போதுதான் வருத்தம் அதிகம். உழைக்கத் தயாராக இருந்தவர்கள் அவர்கள். அளவு மட்டும்தான் தப்பிப்போயிருக்கிறது.

ஒரு பயிற்சியை எப்படிச் செய்வது என்பதை யாரும் ஐந்து நிமிடத்தில் கற்றுக்கொள்ளலாம். எவ்வளவு செய்வது, எப்போது கூட்டுவது, எப்போது குறைப்பது என்பதைத்தான் யாராவது உட்காரவைத்துச் சொல்லித்தர வேண்டியிருக்கிறது. கூட்டம் நிறைந்த புறநோயாளிகள் பிரிவில் அதற்கு நேரம் கிடைப்பதில்லை. அதனால் இங்கே விரிவாக எழுதுகிறேன்.

தொடங்கும் முன்

உங்களுக்கு என்ன பிரச்சினை என்பதை ஒரு டாக்டரோ பிசியோதெரபிஸ்டோ நேரில் பார்த்துச் சொல்லியிருக்க வேண்டும். பக்கத்து வீட்டு அக்காவுக்குக் கொடுத்த தாளை ஜெராக்ஸ் எடுத்துச் செய்யாதீர்கள். அவருக்கும் முட்டி வலி, உங்களுக்கும் முட்டி வலி. ஆனால் அவருக்கு மூட்டுத் தேய்மானம், உங்களுக்கோ இடுப்பில் அழுத்தப்பட்ட நரம்பின் வலி காலில் தெரிகிறது என்றால் இரண்டு பேருக்கும் பயிற்சியே வேறு.

சில அறிகுறிகள் இருந்தால் பயிற்சிக்கு முன்னால் டாக்டரைப் பார்த்தே ஆக வேண்டும். எப்படிப் புரண்டு படுத்தாலும் குறையாமல் இரவுத் தூக்கத்தைக் கெடுக்கும் வலி, காய்ச்சலோடு சேர்ந்து வரும் மூட்டு வீக்கம், ஒரு பக்கக் கெண்டைக்கால் மட்டும் வீங்கிச் சூடாக வலிப்பது, புதிதாகக் கை காலில் பலம் குறைவது, நடக்கும்போது நெஞ்சில் இறுக்கம் ஆகியவை அவை. கெண்டைக்கால் வீக்கத்துக்கு உள்ளே ரத்தம் உறைந்திருப்பது காரணமாக இருக்கலாம், அதனால் தேய்த்துவிடவும் கூடாது. இடுப்பு வலியோடு சிறுநீர், மலக் கட்டுப்பாடு போவது, அல்லது உட்காரும் இடம் மரத்துப்போவது அவசர நிலை. விடியட்டும் என்று காத்திருக்காமல் அப்போதே கிளம்ப வேண்டும்.

ஷுகருக்கு இன்சுலின் போடுபவர்களும், ஷுகரைத் தாழ இறக்கக்கூடிய மாத்திரை சாப்பிடுபவர்களும் வெறும் வயிற்றில் பயிற்சி செய்ய வேண்டாம். கை நடுங்கி, வியர்த்து, படபடத்தால் உடனே நிறுத்திவிட்டுச் சர்க்கரை கலந்த ஏதாவது குடியுங்கள். பாதத்தில் உணர்ச்சி குறைந்தவர்கள் நின்று செய்யும் பயிற்சிகளை வெறுங்காலில் செய்யாமல் எம்சிஆர் செருப்போடு (பாதத்தில் அழுத்தம் படாமல் காக்கும் மெத்தென்ற ரப்பர் அடிப்பாகம் கொண்டது) செய்யுங்கள். முடிந்ததும் பாதத்தைத் திருப்பிப் பாருங்கள். கொப்புளம் வந்திருந்தால் வலித்து உங்களுக்குச் சொல்லாது, கண்ணால்தான் பார்க்க வேண்டும்.

தாளைக் கேள்வி கேளுங்கள்

பயிற்சித் தாளும் ஒரு மருந்துச் சீட்டுதான். என்ன மருந்து, எவ்வளவு, எத்தனை வேளை, எத்தனை நாள் என்று கேட்காமல் மருந்துக் கடையை விட்டு நாம் நகர மாட்டோம். இதற்கும் அப்படியே கேளுங்கள். வாரத்தில் எத்தனை நாள், எவ்வளவு கடினமாக, எவ்வளவு நேரம், எந்த வகை என்ற நான்கையும் வைத்துத்தான் பிசியோதெரபிஸ்ட் பயிற்சியைத் தீர்மானிக்கிறார். தாளில் ஏதாவது ஒன்று எழுதப்படாமல் இருந்தால் கேட்டு எழுதி வாங்குங்கள்.

அதோடு இன்னொரு கேள்வி: "இதை எந்த இடத்தில் உணரணும்?" இது மிகவும் உதவும். உதாரணமாக, மல்லாந்து படுத்துக் காலை நீட்டியபடி தூக்கும் பயிற்சியைத் தொடையின் முன்பக்கச் சதையில் உணர வேண்டும். கீழ் முதுகில் வலி எடுத்தால், வயிற்றுச் சதை தாங்காமல் முதுகு வளைகிறது என்று பொருள். மற்றக் காலை மடக்கி, பாதத்தைப் பாயில் ஊன்றிக்கொண்டு செய்தால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

அப்புறம், கிளம்புவதற்கு முன் உங்கள் போனில் ஒரு வீடியோ எடுத்துக்கொள்ளுங்கள். பிசியோதெரபிஸ்ட் செய்து காட்டுவதை எடுப்பதைவிட, நீங்கள் செய்வதை அவர் திருத்தி, "ஆங், இப்போ சரி" என்று சொல்லும்போது எடுங்கள். வீட்டுக்கு வந்து பத்து நாளில் பழக்கம் மெல்ல மாறிவிடும். அப்போது ஒப்பிட்டுப் பார்க்க உங்கள் உடம்பின் வீடியோ வேண்டும்.

யார் அசைக்க வேண்டும்?

இந்தப் பகுதி ஸ்ட்ரோக் வந்தவர்களையும் நீண்ட நாள் படுக்கையில் இருந்தவர்களையும் கவனித்துக்கொள்ளும் வீட்டாருக்கு. சதையின் பலத்தை நாங்கள் 0 முதல் 5 வரை எண் போட்டுப் பார்ப்போம். சதையில் அசைவே இல்லை என்றால் 0. சதை இறுகுவது தெரிகிறது, மூட்டு அசையவில்லை என்றால் 1. படுக்கையோடு படுக்கையாக நகர்த்த முடிகிறது, தூக்க முடியவில்லை என்றால் 2. கையின், காலின் சொந்த எடையைத் தூக்க முடிந்தால் 3. நாம் கொஞ்சம் அழுத்தியும் தாங்கினால் 4. இயல்பான பலம் 5.

இந்த எண்தான் பயிற்சியின் வகையைத் தீர்மானிக்கிறது. 0, 1 என்ற நிலையில் வேறொருவர் அசைத்துவிட வேண்டும். 2-ல் அவர் முயல வேண்டும், நாம் எடையை மட்டும் தாங்க வேண்டும். 3-ல் அவரே செய்ய வேண்டும். அதற்கு மேல் எடையோ ரப்பர் பட்டையோ கொடுத்து எதிர்ப்பைக் கூட்டலாம்.

வீடுகளில் நான் திரும்பத் திரும்பப் பார்ப்பது இதுதான்: அப்பாவின் கை 2-ம் நிலைக்கு வந்திருக்கும், மகளோ இன்னும் முழுவதையும் தானே தூக்கி இறக்கிக்கொண்டிருப்பார். எல்லாம் அன்புதான். ஆனால் பிறர் அசைத்துவிடும் பயிற்சி மூட்டு இறுகாமல் காப்பாற்றும், அவ்வளவே. அதனால் பலம் வராது. அசைவு திரும்பி வர வேண்டுமென்றால் அந்த மூளையிலிருந்து கட்டளை புறப்பட வேண்டும். "அப்பா, முழங்கையை மடக்குங்க" என்று சொல்லிவிட்டு மனதுக்குள் ஐந்து வரை எண்ணுங்கள். அவர் தொடங்கட்டும். பாதியில் நின்றால் மீதிக்கு மட்டும் கை கொடுங்கள். ஸ்ட்ரோக் வந்தவருக்குக் கட்டளை புரிந்து உடம்புக்குப் போய்ச் சேர நேரம் ஆகும். அந்த ஐந்து எண்ணிக்கைப் பொறுமை நாம் தூக்கிவிடுவதைவிட அவருக்கு அதிகம் உதவும்.

நீங்களே அசைத்துவிட வேண்டிய நிலையில் இருந்தால், மூட்டுக்கு மேலே ஒரு கை, கீழே ஒரு கை வைத்துத் தாங்குங்கள். மெதுவாக, இறுக்கம் தட்டும் இடம் வரை போய், அங்கே கொஞ்சம் நின்று, திரும்புங்கள். ஒவ்வொரு மூட்டுக்கும் ஐந்து முதல் பத்து தடவை போதும். பார்வை அவர் முகத்தின் மேல் இருக்கட்டும், பேச முடியாதவருக்கு வலி முகத்தில்தான் முதலில் தெரியும்.

தோளைப் பற்றித் தனியாக ஒரு எச்சரிக்கை. செயலிழந்த பக்கக் கையைப் பிடித்து இழுத்து யாரையும் எழுப்பி உட்காரவைக்காதீர்கள். அந்தத் தோள் மூட்டைப் பிடித்து வைத்திருக்கும் சதைகள் அயர்ந்திருக்கின்றன. இழுத்தால் மூட்டு இறங்கிப்போகும். உத்தரத்தில் கயிறு கட்டி, நல்ல கையால் இழுத்து, வராத கையை மேலே தூக்கும் பயிற்சியும் இவர்களுக்கு ஆகாது. தோள்பட்டை எலும்பு கூடவே திரும்பாமல் கையை மட்டும் உயர்த்தினால் உள்ளே தசைநார் நசுங்கி, மாதக்கணக்கில் தோள் வலி தங்கிவிடும்.

நீட்டுவதும் தளர்த்துவதும்

இறுகிய சதையை நீட்டும் பயிற்சிக்கு விதி எளிது. உடம்பு சூடாக இருக்கும்போது செய்யுங்கள். கொஞ்சம் நடந்த பிறகோ வெந்நீரில் குளித்த பிறகோ நல்லது. இதமாக இழுபடும் இடத்தில் 30 விநாடி அசையாமல் நில்லுங்கள். இரண்டு முதல் நான்கு தடவை. எகிறி எகிறி இழுக்கக் கூடாது, அப்படிச் செய்தால் சதை தன்னைக் காத்துக்கொள்ளப் பதிலுக்கு இறுகும்.

தோள் இறுகிப்போகும் நோய் ஷுகர் உள்ளவர்களுக்கு அதிகம் வரும். அது முதலில் கடுமையாக வலிக்கும், பிறகு வலி குறைந்து இறுக்கம் மிஞ்சும், பிறகு மெல்லத் தளரும். வலி உச்சத்தில் இருக்கும் முதல் கட்டத்தில் வலுவாக இழுத்தால் நிலைமை மோசமாகும். அந்தக் கட்டத்தில் உதவுவது, பாஸ்டன் நகரத்து அறுவை மருத்துவர் எர்னெஸ்ட் காட்மன் பெயரால் வழங்கும் ஊசலாட்டப் பயிற்சி. நல்ல கையை மேசையில் ஊன்றி முன்னால் குனியுங்கள். வலிக்கும் கையைக் கீழே தொங்கவிடுங்கள். இப்போது உடம்பை முன்னும் பின்னும் மெல்ல ஆட்டினால், கை தானாக ஆடும். ஒன்றிரண்டு நிமிடம் போதும். கையைத் தோள் சதையால் நீங்களே ஆட்டினால் பயிற்சியின் பயனே போய்விடும். கை கனமாகத் தொங்கி, மூட்டுக்குள் கொஞ்சம் இடைவெளி கிடைக்க வேண்டும் என்பதுதான் நோக்கம்.

முழங்கையில் அடிபட்டவர்கள் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. கட்டுப் பிரித்ததும் கை மடங்காமல் விறைப்பாக இருக்கும். எண்ணெய் போட்டு அழுத்தி நீவி, வேகமாக மடக்கி நீட்டினால் சரியாகிவிடும் என்று யாராவது சொல்வார்கள். செய்யாதீர்கள், குறிப்பாகப் பிள்ளைகளுக்குச் செய்யவிடாதீர்கள். அடிபட்ட முழங்கையைச் சுற்றிய சதையை அழுத்தி நீவும்போது, சதைக்குள்ளேயே எலும்பு வளரத் தொடங்கும் ஆபத்து உண்டு. அப்படி வளர்ந்தால் கை நிரந்தரமாக மடங்காமல் போகலாம். முழங்கையைப் பொறுத்தவரை பிள்ளை தானாக மடக்கும் அளவுதான் பயிற்சி. பொம்மையை எட்டி எடுக்கவைப்பது, தட்டிலிருந்து தானே சாப்பிடவைப்பது போதும்.

பலம் கூட்டுவது

தாளைக் கையில் வாங்குபவர்களில் பெரும் பங்கு முட்டித் தேய்மானம் உள்ளவர்கள் என்பதால் முட்டியையே எடுத்துக்கொள்கிறேன். கொள்கை எல்லா மூட்டுக்கும் ஒன்றுதான்: பழகியதைவிடச் சற்று அதிகமான வேலை கொடுத்தால்தான் சதை பலம் பெறும், பலம் பெற்ற பிறகு வேலையை மறுபடி சற்றுக் கூட்ட வேண்டும்.

முதல் படி, மூட்டு அசையாமல் சதையை மட்டும் இறுக்குவது. பாயில் காலை நீட்டி உட்கார்ந்து, முட்டிக்கு அடியில் சுருட்டிய துண்டை வையுங்கள். முட்டியால் துண்டைக் கீழே அழுத்துங்கள். முட்டிச் சில்லு தொடைப் பக்கமாக ஏறுவதைப் பார்க்கலாம். ஐந்து விநாடி அழுத்தி, விடுங்கள். பத்து தடவை. வீக்கம் உள்ள முட்டிக்கும், ஆபரேஷன் முடிந்து சில நாளே ஆன முட்டிக்கும் பெரும்பாலும் இதிலிருந்துதான் தொடங்குவோம்.

அடுத்த படி, காலை நீட்டியபடி தூக்குவது. ஒரு முழம் உயரம் போதும், அதற்கு மேல் தூக்குவதால் தொடைக்கு லாபம் இல்லை. அதன் பிறகு நாற்காலியிலிருந்து கையை ஊன்றாமல் எழுந்து உட்காருவது. என்னைக் கேட்டால், ஒரே ஒரு பயிற்சிக்குத்தான் நேரம் இருக்கிறது என்பவர் இதைச் செய்யட்டும். தொடை, பின்புறம், கெண்டைக்கால் எல்லாம் இதில் சேர்ந்து வேலை செய்கின்றன, அன்றாடம் தேவைப்படும் அசைவும் இதுதான். முட்டி உள்பக்கம் சாயாமல் கால் விரல்களுக்கு நேராக இருக்கட்டும். கஷ்டமாக இருந்தால் நாற்காலியில் ஒரு தலையணை போட்டு உயரத்தைக் கூட்டிக்கொள்ளுங்கள். சுலபமானதும் தலையணையை எடுத்துவிடுங்கள்.

எண்ணிக்கையை வாய்விட்டு எண்ணுங்கள். ஒன்று, இரண்டு, மூன்று என்று சத்தமாக எண்ணுகிறவரால் மூச்சைப் பிடித்துக்கொள்ள முடியாது. மூச்சைப் பிடித்துக்கொண்டு சதையை இறுக்கினால் ரத்த அழுத்தம் சட்டென்று ஏறும். பிபி உள்ளவர்களுக்கு இது முக்கியம்.

எடை எவ்வளவு? இரண்டாம் உலகப் போர் காலத்தில் அமெரிக்க ராணுவ மருத்துவமனை ஒன்றில் தாமஸ் டிலார்ம் என்ற மருத்துவர், முட்டியில் அடிபட்ட சிப்பாய்களுக்கு அன்றைய வழக்கத்தைவிடக் கனமான எடை கொடுத்துப் பார்த்தார். 1945-ல் அதைப் பற்றி எழுதினார். பத்து தடவை மட்டுமே தூக்க முடிகிற எடை எது என்று முதலில் கண்டுபிடிப்பது, பிறகு அதில் பாதி எடையில் பத்து, முக்கால் எடையில் பத்து, முழு எடையில் பத்து என்று செய்வது என்று அவர் வழிமுறை பிற்பாடு அமைந்தது. பிசியோதெரபி மாணவர்கள் இன்றும் படிக்கும் முறை இது. இதன் வீட்டு வடிவம்: பத்து தடவையில் கடைசி இரண்டு கஷ்டமாக இருக்க வேண்டும், ஆனால் உடம்பு கோணாமல் செய்ய முடிய வேண்டும். பதினைந்து தடவை பேசிக்கொண்டே செய்ய முடிகிறதென்றால் அந்த எடை இனி உங்களுக்குப் போதாது. அரை லிட்டர் தண்ணீர் பாட்டில் ஏறக்குறைய அரைக் கிலோ. ஒரு கிலோ அரிசியைத் துணிப்பையில் கட்டிக் கணுக்காலில் சுற்றினால் ஒரு கிலோ. கடையில் எதுவும் வாங்க வேண்டியதில்லை.

கூட்டும்போது ஒரு சமயத்தில் ஒன்றை மட்டும் கூட்டுங்கள். இந்த வாரம் எண்ணிக்கையைக் கூட்டினால் எடையைத் தொடாதீர்கள். இரண்டையும் கூட்டி முட்டி வீங்கினால் எதனால் என்று தெரியாமல் போகும். ஒரு சதைக்குக் கனமான பயிற்சி வாரத்தில் இரண்டு மூன்று நாள் போதும், இடைப்பட்ட நாளில்தான் சதை தன்னைச் சீர்செய்துகொள்கிறது. துண்டை அழுத்துவது போன்ற லேசானவற்றைத் தினமும் செய்யலாம்.

முதல் சில வாரங்களில் கிடைக்கும் பலம் பெரும்பாலும் நரம்பு மண்டலம் கற்றுக்கொள்வதால் வருவது. இருக்கும் சதையையே இன்னும் நன்றாக வேலை வாங்க உடம்பு பழகுகிறது. சதை பருமனாவது பிறகுதான், அதற்கு இரண்டு மாதமாவது வேண்டும். இரண்டு வாரம் செய்துவிட்டு "ஒண்ணும் தெரியல" என்று விடுபவர்கள், பலன் தொடங்கும் இடத்தில் நிற்கிறார்கள்.

மறுநாள் காலைக் கணக்கு

பயிற்சி செய்யும்போது கொஞ்சமும் வலிக்கக் கூடாது என்று சிலர் நினைக்கிறார்கள். வலிக்க வலிக்கச் செய்தால்தான் பலன் என்று சிலர். இரண்டும் சரியல்ல. வலியே இல்லை என்றால் 0, தாங்கவே முடியாத வலி 10 என்று வைத்துக்கொள்ளுங்கள். பயிற்சியின்போது 3 வரை போகலாம். அன்று இரவுக்குள் குறையத் தொடங்கி, மறுநாள் காலை எழும்போது, பயிற்சிக்கு முன் இருந்த நிலைக்கு வந்திருக்க வேண்டும். இதுதான் அளவுகோல்.

காலையில் வலியும் விறைப்பும் வழக்கம்போலவே இருந்தால் நேற்றுச் செய்த அளவு சரி, அதையே தொடருங்கள். நான்கைந்து தடவை தொடர்ந்து இப்படியே இருந்தால் சற்றுக் கூட்டலாம். காலையில் முட்டி கனத்து, மடக்க நேற்றைவிடக் கஷ்டமாக இருந்தால் அளவு அதிகம். அன்றைக்கு லேசான பயிற்சி மட்டும் செய்து, அடுத்த முறை எண்ணிக்கையைப் பாதியாகக் குறையுங்கள். குறைப்பதுதான் வழி, நிறுத்திவிடுவது அல்ல. நிறுத்தினால் சில வாரங்களிலேயே சேர்த்த பலம் இறங்கத் தொடங்கும்.

சதை வலியையும் மூட்டு வலியையும் பிரித்துப் பாருங்கள். புதிய பயிற்சி தொடங்கினால் மறுநாளும் அதற்கு மறுநாளும் தொடைச் சதை முழுவதும் அடித்துப் போட்டாற்போல் வலிக்கலாம். தொட்டால் வலிக்கும், ஆனால் முட்டி வீங்கியிருக்காது. மூன்று நாளில் அடங்கிவிடும். அது நல்லதுக்குத்தான். மூட்டுக்குள் குத்துவது, முட்டிச் சில்லைச் சுற்றி உப்புவது, நடக்கும்போது கால் மடிந்துவிடுவது போல் இருப்பது வேறு விஷயம். வீக்கம் சந்தேகமாக இருந்தால் தையல் டேப்பால் இரண்டு முட்டியையும் சுற்றி அளந்து எழுதி வையுங்கள். கண்ணைவிட டேப் நம்பகமானது.

எழுத நோட்டு தேட வேண்டாம். சமையலறையில் பால் கணக்கு எழுதும் காலண்டரே போதும். ஒவ்வொரு நாள் கட்டத்திலும் எத்தனை தடவை செய்தீர்கள், மறுநாள் காலை வலி எண் எவ்வளவு என்று இரண்டு எண்கள். மாதம் முடிந்து அடுத்த முறை பிசியோதெரபிஸ்டிடம் போகும்போது காலண்டரைப் போட்டோ எடுத்துக்கொண்டு போங்கள். "பரவாயில்ல, வலி இருக்கு" என்று சொல்வதைவிட அந்த ஒரு படம் அவருக்கு நிறையச் சொல்லும்.

எந்த வேலைக்காகவோ, அந்த அசைவு

உடம்பு எதைப் பழகுகிறதோ அதில்தான் தேறும். படுத்தபடி காலைத் தூக்கிப் பழகியவருக்குப் படியேறுவது தானாக வந்துவிடாது. இதை வேலூர் அளவுக்கு உணர்ந்த ஊர்கள் குறைவு. 1946-ல் இங்கே சிஎம்சி மருத்துவமனைக்கு வந்த அறுவை மருத்துவர் பால் பிராண்டு, தொழுநோயால் நரம்பு செயலிழந்து விரல்கள் மடங்கிப்போன கைகளுக்குத் தசைநார் மாற்று அறுவை செய்தார். நன்றாக வேலை செய்யும் ஒரு தசையின் நாரை எடுத்து, செயலிழந்த தசையின் வேலைக்குப் பொருத்துவது அந்த முறை. ஆனால் கத்தியோடு வேலை முடிவதில்லை. வேறு வேலை செய்துகொண்டிருந்த தசைக்குப் புது வேலையைக் கற்றுத்தர வேண்டும். அந்தத் தசையைத் தனியாக இயக்க அறுவைக்கு முன்பே பழகி, அறுவைக்குப் பின் புது அசைவைத் திரும்பத் திரும்பச் செய்தால்தான் கை எதையாவது பிடிக்கும். அதைச் சாதிப்பது பயிற்சிதான்.

அதே மருத்துவமனையில் வேலை பார்த்த டாக்டர் மேரி வர்கீஸ் 1954-ல் ஒரு சாலை விபத்தில் தண்டுவடம் பாதித்து, கால்கள் செயலிழந்தவர். சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடி தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை செய்தார். வேலூர் பாகாயத்தில் 1966-ல் மறுவாழ்வு நிலையம் எழக் காரணமானார். 1972-ல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. தண்டுவடம் பாதித்தவருக்கு நாங்கள் கொடுக்கும் பயிற்சியைப் பாருங்கள்: இரு கையையும் ஊன்றித் தன் உடம்பைத் தானே இருக்கையிலிருந்து தூக்குவது. கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாறவும், அழுத்தப் புண் வராமல் அடிக்கடி எழும்பிக்கொள்ளவும் அவருக்கு வேண்டியது அந்த அசைவு. எனவே பயிற்சியும் அதுவேதான்.

உங்களுக்கு என்ன வேண்டும் என்பதைப் பிசியோதெரபிஸ்டிடம் முதல் நாளே சொல்லுங்கள். "வலி போகணும்" என்பது போதாது. ஆம்பூரிலோ ராணிப்பேட்டையிலோ ஷூ கம்பெனியில் நாள் முழுக்க நிற்க வேண்டும், தரையில் உட்கார்ந்து தொழ வேண்டும், கழிப்பறையில் குந்த வேண்டும் என்று வேலையாகச் சொல்லுங்கள். அவற்றில் சில உங்கள் முட்டிக்கு இனி ஆகாது என்று அவர் சொல்லலாம். முட்டி மாற்று ஆபரேஷன் ஆனவர்கள் பலருக்கு நாற்காலியில் உட்கார்ந்து தொழுவதும் வெஸ்டர்ன் கழிப்பறையும்தான் சரி. அதைத் தெரிந்துகொண்டு திட்டமிடுவது நல்லது.

பீடி சுற்றும் அம்மாக்களுக்கு: மடியில் முறத்தை வைத்து, கால் மடக்கி, கழுத்தைக் குனிந்து மணிக்கணக்கில் உட்கார்ந்திருந்தால், காலை மாலை கால் மணி நேரப் பயிற்சி அந்த இறுக்கத்தை முழுவதும் ஈடுகட்டாது. நூறு பீடி சுற்றியதும் எழுந்து, சுவரைப் பிடித்தபடி குதிகாலைப் பத்து தடவை தூக்கி இறக்குங்கள். தோள்பட்டைகளைப் பின்னால் இழுத்து, முகவாயை உள்ளே இழுத்து, ஐந்து தடவை. மறுபடி உட்காரும்போது காலை மாற்றிப் போடுங்கள். கூலி போகுமே என்ற கவலை நியாயம்தான். இது இரண்டு நிமிட வேலை.

சோளிங்கர் மலை ஏற வேண்டும் என்று பலர் ஆசையோடு கேட்கிறார்கள். 1,305 படிகள். இப்போது ரோப்கார் இருக்கிறது, முட்டி முடியாதவர்கள் அதில் போகட்டும். ஏறித்தான் ஆக வேண்டும் என்று வேண்டுதல் உள்ளவர்கள் இறங்குவதற்கும் சேர்த்துப் பயிற்சி எடுங்கள். ஏறும்போது தொடைச் சதை சுருங்கி வேலை செய்கிறது. இறங்கும்போது நீண்டுகொண்டே உடம்பின் எடையைத் தடுத்துப் பிடிக்கிறது. மூச்சு வாங்குவது ஏறும்போது, ஆனால் மறுநாள் சதை வலியைப் பெரும்பாலும் தருவது இறக்கம். அதனால் வீட்டு வாசற்படியில் கைப்பிடியைப் பிடித்து நின்று, ஒரு காலை மேல் படியிலேயே வைத்துக்கொண்டு, மற்றக் காலின் குதியைக் கீழ்ப் படியில் மெதுவாக, மூன்று எண்ணி இறக்கித் தொட்டு, மேலே வாருங்கள். மலைக்குப் போவதற்கு இரண்டு மாதம் முன்பிருந்தே வாரம் மூன்று நாள் செய்யுங்கள். மலையில் முட்டி வலி உள்ளவர்கள் ஏற நல்ல காலை முதலில் வையுங்கள், இறங்க வலிக்கும் காலை முதலில்.

நடையும் நிற்பதும்

நடைப் பயிற்சிக்கு வாரத்தில் 150 நிமிடம் என்பது உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்லும் குறைந்த அளவு. பத்து நிமிடமாகப் பிரித்தும் செய்யலாம். பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. அதுவே சரியான வேகம். நம் ஊர் வெயிலில், அதுவும் கத்திரியில், ஏழு மணிக்குள் முடித்துக்கொள்ளுங்கள். தண்ணீர் கையில் இருக்கட்டும்.

அறுபது வயதைத் தாண்டியவர்கள் இதோடு சமநிலைப் பயிற்சியையும் சேர்த்துக்கொள்ளுங்கள். சமையல் மேடையை விரல் நுனியால் தொட்டபடி ஒற்றைக் காலில் பத்து விநாடி நிற்பது போதும். குக்கர் விசில் வரும் நேரத்தில் செய்துவிடலாம். தரை ஈரமாக இருந்தால் வேண்டாம்.

எப்போது திரும்பிப் போவது

குறித்த தேதிக்கு முன்பே போக வேண்டிய நிலைகள் உண்டு. அளவைப் பாதியாகக் குறைத்த பிறகும் ஒரு வாரமாக மறுநாள் காலை வலி கூடிக்கொண்டே போவது, மூட்டு மடங்கும் அளவு வாரத்துக்கு வாரம் குறைவது, கீழே விழுந்தது, மரத்துப்போதல் புதிதாகத் தொடங்கியது. இவை இல்லாவிட்டாலும், ஆறு வாரத்தில் ஒருமுறை தாளை மாற்றி வாங்குங்கள். ஆறு மாதமாக அதே பத்து தடவை, அதே துண்டை அழுத்துவது என்று செய்பவர்களைப் பார்க்கிறேன். அந்த முட்டி எப்போதோ அடுத்த படிக்குத் தயாராகிவிட்டது.

கரன்ட் வைப்பது, மெழுகு ஒத்தடம் போன்றவை வலியைக் கொஞ்ச நேரம் தணிக்கும். அந்தத் தணிந்த நேரத்தில் பயிற்சி செய்யத்தான் அவற்றைக் கொடுக்கிறோம். மெஷின் மட்டும் வைத்துவிட்டு யாராவது உங்களை அனுப்பிவிட்டால், "எனக்கு என்ன எக்சர்சைஸ்?" என்று கேளுங்கள். பலம் வந்து வலி அடங்கிய பிறகும் வாரத்தில் இரண்டு நாளாவது தொடருங்கள். போகும்போது காலண்டர் போட்டோ, பழைய தாள், முதல் நாள் எடுத்த வீடியோ மூன்றும் போனில் இருக்கட்டும்.